அறிக்கையில் அகப்படாத நோய்

“ஒன்றுமில்லை.” மருத்துவமனை வாசலில் இதைவிட ஆறுதலான சொல் உண்டா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர் இச்சொல்லைக் கேட்டுவிட்டால், திரும்பும் வழியில் வீட்டுக்கு இனிப்பு வாங்கி வருகிறார். என் தங்கைக்கு இச்சொல் இரண்டு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவர்களிடமிருந்து கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அவள் அழுதுகொண்டேதான் வீடு திரும்பினாள்.

நோய் இல்லை என்று சொன்னதற்காக அழுகின்ற பெண்ணை ஊர் என்ன சொல்லும்? சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லிற்று. அவற்றுள் சிலவற்றைச் சொன்னவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை எங்கள் ஊரில் வீடு வீடாகப் புகுந்தபோது அவளுக்கும் காய்ச்சல் வந்தது. கடுமையான காய்ச்சல் அன்று; ஆக்ஸிஜன் தேவைப்படவில்லை, மருத்துவமனையில் சேர்க்கவும் இல்லை. மாடியறையில் பத்து நாள் தனித்திருந்து, கஞ்சி குடித்து எழுந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அவள் மாமி நெய்ச்சோறு ஆக்கிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். அந்த மாதத்தில் அதே தெருவிலிருந்து மூன்று ஜனாஸாக்கள் போயிருந்தன. தப்பிப் பிழைத்தவளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

எழுந்தவளுக்கு உடம்பு பழைய உடம்பாக இல்லை. இரண்டு வாளித் துணியை மாடிக்கு எடுத்துப்போய் உலர்த்திவிட்டு வந்தால் மறுநாள் தலையைத் தூக்க முடியாது. எட்டு மணி நேரம் உறங்கியும் உறங்காதவள் போல் எழுவாள். நின்றால் நெஞ்சு படபடக்கும், படுத்தால் அடங்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்காக இங்கே நிற்கிறோம் என்று விழித்து நிற்பாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கூட்டத் திணறினாள். அப்போது அவளுக்கு வயது 29. பிள்ளைகள் இருவர். மச்சான் ஷார்ஜாவில்.

இரத்தம், சர்க்கரை, தைராய்டு, இ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு ஸ்கேன் என்று ஒன்றையும் விடவில்லை. பெரிய ஃபைல் ஒன்று நிறைந்தது. எல்லாத் தாளிலும் ‘நார்மல்’. அந்த ஃபைலே பிறகு அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. “இவ்வளவு செலவழித்துப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் என்ன வேண்டும்?” என்று மாமி கேட்டபோது எங்கள் உம்மாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால், ‘நான் தேடிய நோய்கள் இச்சோதனைகளில் தென்படவில்லை’ என்பதுதான் பொருள். வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அது ‘இவளுக்கு நோயே இல்லை’ என்று மாறிவிடுகிறது. அடுக்களைக்குள் நுழையும்போது ‘இவள் நடிக்கிறாள்’ என்றாகிவிடுகிறது.

வலீமாவுக்கு மறுநாள்

2022-இல் அவள் கொழுந்தனுக்கு நிக்காஹ் நடந்தது. வலீமா விருந்தன்று எழுந்து நிற்க வேண்டுமே என்பதற்காக, இரண்டு நாள் முன்னதாகவே படுத்து உடம்பைச் சேமித்து வைத்துக்கொண்டாள். பட்டுடுத்தி, பிள்ளைகளையும் உடுத்தி, வந்தவர்களிடம் முகமலர்ந்து பேசி, மூன்று மணி நேரம் மண்டபத்தில் இருந்தாள். மறுநாள் மாலை விழுந்தாள். சன்னலைச் சாத்திய அறையில் வெளிச்சமும் பேச்சொலியும் தாளாமல் ஐந்து நாள் கிடந்தாள்.

மண்டபத்தில் அவளைக் கண்டவர்கள் முந்நூறு பேர். அறையில் கண்டவர்கள் அவளுடைய இரண்டு பிள்ளைகள். “கல்யாணம் என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது, வேலை என்றால்தான் நோய் வந்துவிடுகிறது” என்னும் பேச்சு அன்றுதான் பிறந்தது. நான் தொலைபேசியில் அவளுக்குப் புத்தி சொன்னதும் அந்த வாரம்தான். “படுத்துக்கிடக்கக் கிடக்கத்தான் உடம்பு அசந்து போகும். எழுந்து நடமாடு” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். “சரி லாத்தா” என்றாள். எழுந்து நடமாடவும் செய்தாள். அதன் பிறகு மூன்று வாரம் அவளைக் குளியலறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

இந்த வீழ்ச்சியை மருத்துவம் அறிந்திருக்கிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ‘எம்.இ.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோயின் முதன்மையான அடையாளமே இதுதான். உடலுழைப்பு மட்டுமன்று, படிப்பும் கணக்கும் நீண்ட உரையாடலும்கூட இதைத் தூண்டிவிடும். உடனே வருவதில்லை, பெரும்பாலும் 12 மணி முதல் 48 மணி நேரம் கழித்தே வரும். வந்தால் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். செய்த வேலைக்கும் விழுந்த படுக்கைக்கும் நடுவே ஒரு பகலும் ஓர் இரவும் புகுந்துவிடுவதால், பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சிடுவதில்லை. நோயாளிக்கே இது பிடிபட மாதங்கள் ஆகின்றன. இந்நோயை உறுதிசெய்ய இன்றுவரை ஒரு தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. பிற நோய்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். கேட்பதற்கு ஆளில்லாத நோயாளியின் கதி என்ன?

இலண்டன், 1955

இந்நோயின் மீது படிந்த பழியின் வேரைத் தேடினால், அது எங்கள் ஊர் அடுக்களையிலிருந்து வெகு தொலைவில், ஒரு மருத்துவமனைக்குள்ளேயே கிடக்கிறது.

இலண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை என்று ஒன்று உண்டு. பெண்களை மருத்துவக் கல்விக்குச் சேர்த்துக்கொள்ளப் பிற மருத்துவமனைகள் மறுத்த காலத்தில், 1877-இலேயே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பெருமை அதற்கு உண்டு. 1955 ஜூலை 13 அன்று அங்கே ஒரு மருத்துவரும் ஒரு வார்டு சிஸ்டரும் நோயுற்றுப் படுத்தனர். தலைவலி, தொண்டைவலி, தலைச்சுற்றல், கை கால்களில் வலி, கழுத்தில் நெறிகட்டுதல், பிறகு தசைகளில் பலவீனம். பன்னிரண்டே நாட்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் படுத்துவிட, ஜூலை 25 அன்று மருத்துவமனையையே மூடினார்கள். அக்டோபர் 5 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். நவம்பர் முடிவதற்குள் 292 ஊழியர்களை அது தாக்கியிருந்தது. அவர்களில் 255 பேர் மருத்துவமனைப் படுக்கையிலேயே இருக்க நேர்ந்தது. வார்டுகளில் ஏற்கெனவே இருந்த நோயாளிகளிலோ பன்னிருவருக்கு மட்டுமே அது வந்தது. பெரும்பாலோர் தேறினர். சிலர் தேறவே இல்லை.

மறு ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ ஏடு, இது ஒரு புதிய நோயாக இருக்கலாம் என்று எழுதி, ‘மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்’ என்னும் பெயரை முன்வைத்தது. மூளையும் தண்டுவடமும் அழற்சியுற்று, தசைகள் வலிக்கும் நோய் என்று பொருள். எவரும் இறக்கவில்லை என்பதால் ‘பினைன்’, அதாவது ‘தீங்கற்ற’ என்னும் அடைமொழியையும் முன்னால் சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் நோய்க்குத் தீங்கற்றது என்று பெயர்! 1969-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதை நரம்பு மண்டல நோயாகச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த ஆண்டே வந்தது அடி. மெக்எவடி, பியர்டு என்னும் இரண்டு மனநல மருத்துவர்கள், 1955-இன் நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமல், பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஏட்டில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டனர். ராயல் ஃப்ரீயில் பரவியது கிருமி நோயன்று, கூட்டு ஹிஸ்டீரியா என்பது அவர்கள் முடிவு. அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, ஆண்களைவிடப் பெண்களையே அது மிகுதியாகத் தாக்கியது என்பது. பெண்களை மிகுதியாகத் தாக்கும் நோய்கள் எத்தனையோ உள்ளன. தைராய்டுக் கோளாறும் பெண்களுக்கே மிகுதி. லூபஸ் என்னும் நோயும் அப்படியே. ஆனால் அவற்றுக்கு இரத்தத்தில் சோதனை உண்டு. எனவே அவை தப்பித்துக்கொண்டன. ஹிஸ்டீரியா என்னும் சொல்லே கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ராயல் ஃப்ரீயில் அந்நோயாளிகளைத் தம் கையால் பரிசோதித்தவர், தொற்றுநோய்ப் பிரிவின் மருத்துவர் மெல்வின் ராம்சே. அவர் 1990-இல் மறையும்வரை, இது உடல்நோயே என்று எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். ஆயினும் ஏட்டில் அச்சான ஹிஸ்டீரியா என்னும் சொல்லே வென்றது. அன்று அந்நோய்க்கு ஆளானவர்களில் உயிரோடிருந்தவர்களைத் தேடிக் கண்டு விசாரித்த இரண்டு பெண் மருத்துவர்கள், ஹிஸ்டீரியா என்னும் முடிவு பொருந்தாது என்று 2021-இல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினர். நோய் தாக்கி அதற்குள் 66 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஹிஸ்டீரியா என்ற பெயரோடேயே கபுருக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

பெயரால் வந்த தீங்கு

அமெரிக்காவில் கதை வேறு விதமாகத் தொடங்கி அதே இடத்தில்தான் முடிந்தது. 1984, 1985 ஆண்டுகளில் நெவாடா மாநிலத்தில் ஏரிக்கரையிலுள்ள இன்க்ளைன் வில்லேஜ் என்னும் சிற்றூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இதே போன்று படுத்தனர். அரசின் நோய்த் தடுப்பு மையத்தார் வந்து பார்த்தனர். 1988-இல் ‘குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தனர். தமிழில் சொன்னால் நாட்பட்ட களைப்பு. வைத்த பெயரிலேயே கேலி பிறந்துவிட்டது. உலகில் களைப்பில்லாதவர் யார்? “எனக்கும்தான் களைப்பாக இருக்கிறது, நான் வேலை செய்யவில்லையா?” என்று ஒவ்வொரு நோயாளியிடமும் ஒருவர் கேட்டார். பணக்கார இளைஞர்களின் காய்ச்சல் என்று பத்திரிகைகள் நையாண்டி செய்தன. இந்நோயின் ஆராய்ச்சிக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் பல இலட்சம் டாலரை அந்த மையம் வேறு பணிகளுக்குத் திருப்பிவிட்டது என்பது 1999-இல் அரசுத் தணிக்கையில் வெளிப்பட்டது.

லாரா ஹில்லன்பிராண்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1987-இல், 19 வயதுக் கல்லூரி மாணவியாக இருந்தபோது இந்நோயில் விழுந்தவர். தம் நோயைப் பற்றி 2003-இல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்தபோது என் தங்கையின் முகம் கண்முன் வந்து நின்றது. அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த மனநல மருத்துவரோ, இப்பெண்ணுக்கு மனத்தில் குறையில்லை, உடலில்தான் கடுமையான நோய் இருக்கிறது என்றார். அதன் பிறகும் அவர் நம்பப்படவில்லை. தலைச்சுற்றலில் எழுத்துகள் கண்முன் ஆட ஆட, வீட்டுக்குள்ளேயே இருந்து ‘சீபிஸ்கட்’ என்னும் குதிரையின் வரலாற்றை எழுதி 2001-இல் வெளியிட்டார். அது பெரும் விற்பனை கண்டது, திரைப்படமும் ஆயிற்று. “இவ்வளவு பெரிய புத்தகம் எழுதியவருக்கு என்ன நோய்?” என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. எங்கள் ஊர் மண்டபத்தில் முந்நூறு பேர் கேட்ட கேள்விதான்.

பிரிட்டனில் இக்கேள்வி சிகிச்சை வடிவமே எடுத்தது. நோயாளிகள் உழைப்புக்கு அஞ்சிப் படுத்திருப்பதால்தான் நோய் நீடிக்கிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் தேறிவிடுவார்கள் என்பது கருத்து. 641 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2011-இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்து இதை ஆதரித்தது. பயிற்சி செய்து மேலும் விழுந்தோம் என்று நோயாளிகள் எழுதினர், அதற்கு மதிப்பிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இதே நோயில் கிடந்த ஓர் இளைஞர், அந்த ஆய்வின் மூலப் புள்ளிவிவரங்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார். மறுத்தார்கள். விடாமல் வழக்காடி 2016-இல் தீர்ப்பாய ஆணையோடு பெற்றார். ஆய்வாளர்கள் தொடக்கத்தில் தாங்களே வகுத்த அளவுகோலின்படி மீண்டும் கணக்கிட்டபோது, குணமானோர் வீதம் அவர்கள் அச்சிட்டதைவிட மிகக் குறைவாக இருந்தது. 2021 அக்டோபரில், மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ என்னும் பிரிட்டிஷ் அமைப்பு, இத்தகைய பயிற்சியை இந்நோயாளிகளுக்கு அளிக்கலாகாது என்று தன் பழைய நெறிமுறையை மாற்றிக்கொண்டது.

“எழுந்து நடமாடு” என்று நான் என் தங்கைக்குச் சொன்னது, ஒரு நாடு தன் நோயாளிகளுக்கு ஏடுகளின் துணையோடு சொன்னதுதான் என்பதை அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் ஏற்பட்டது. அந்த ஆறுதலுக்காக வெட்கமும் ஏற்பட்டது.

அந்நாட்டிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே நோயில் படுத்திருந்த ஓர் இளம்பெண்ணுக்கு மனநோய் என்று முடிவுசெய்து, 2003-இல் காவலர் துணையோடு கதவை உடைத்து மனநல விடுதிக்குக் கொண்டுபோயினர். திரும்பி வந்தவள் அதன் பின் தேறவில்லை. 2005-இல் 32 வயதில் இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அழற்சி காணப்பட்டது. மரண விசாரணையில் இந்நோயின் பெயரே காரணமாகப் பதிவாயிற்று. உயிரோடிருக்கும்போது எந்தத் தாளிலும் அகப்படாதது, இறந்த பின் அகப்பட்டது.

குடற்புண்ணை நினைத்துப் பாருங்கள். கவலையால் வருவது, காரத்தால் வருவது என்று மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினர். எவரும் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவருக்குத் தம் வயிற்றையே சாட்சியாக்கிக் காட்ட முடிந்தது. நோயாளியின் வயிற்றுக்கு அந்த மதிப்பு ஏது?

2015-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் இந்நோயைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. இது கடுமையான, நாட்பட்ட, உடல் முழுவதையும் தாக்கும் நோய் என்று அது ஐயத்துக்கிடமின்றிச் சொன்னது. அந்நாட்டில் 8,36,000 முதல் 25 இலட்சம் பேர்வரை இந்நோயோடு இருக்கலாம் என்றும், அவர்களில் நூற்றுக்கு 84 முதல் 91 பேர்வரை நோய் இன்னதென்றே கண்டறியப்படாதவர்கள் என்றும் அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். கருவிகளும் காப்பீடும் மலிந்த நாட்டில் நிலை இது.

பிறகு கொரோனா வந்தது. ஒரே காலத்தில், எல்லா நாடுகளிலும், மருத்துவர்களையும் தாதியரையும்கூட அது படுக்கவைத்தது. கிருமி நீங்கிய பிறகும் பலருக்கு உடம்பு திரும்பவில்லை. ‘லாங் கோவிட்’ என்னும் பெயரை 2020 மே மாதம் முதலில் வழங்கியவர், தாமே அதற்கு ஆளான எலிசா பெரேகோ என்னும் இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர். நோயாளிகள் தம் நோய்க்குத் தாமே பெயரிட்டார்கள். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அந்நிலைக்கு வரையறை வகுத்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் நோய், ராம்சே கண்ட அதே நோயின் இலக்கணத்துக்குள் அடங்குவதாக மருத்துவர்கள் பின்னர் கண்டனர்.

ஓதிப் பார்த்தவர் சொன்னது

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். மருந்துக்குப் பிடிபடாதது என்றால் நம் வீடுகளில் அடுத்த வாசல் எது என்று உங்களுக்குத் தெரியும். ஓதிப் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. அல்லாஹ்வின் திருவசனத்தை ஓதி ஷிஃபா கேட்பது நம் நம்பிக்கை. ஆனால் ஓதிப் பார்க்க வந்தவர் ஓதியதோடு நிற்கவில்லை. செய்வினை என்றார். நெருங்கிய உறவில் ஒரு பெண் என்றார். கையில் பச்சை வளையல் என்றார். நம் ஊரில் எந்தப் பெண் கையில் பச்சை வளையல் இல்லை? இரண்டு நாளில் பழி அவளுடைய நாத்தனார் தலையில் வந்து விழுந்தது. அதுவரை பிள்ளைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவள் அந்த ஒரே ஆள்தான். அவளும் வருவதை நிறுத்திக்கொண்டாள். நோயால் போகாத உறவு, நோய்க்குக் கற்பித்த காரணத்தால் போயிற்று.

எங்கள் கடைக்குட்டிக்கு வந்த சம்பந்தம் ஒன்று, “மூத்ததுக்கு ஏதோ கோளாறாமே” என்ற ஒரு வரியோடு நின்றது. அதன் பிறகு உம்மாவே அவளைப் பற்றி வெளியில் பேசுவதை விட்டுவிட்டார். யாராவது கேட்டால், “நன்றாக இருக்கிறாள்” என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம், தொலைவில் ஓர் அறையில் கிடப்பவளுக்கு அது எப்படியோ எட்டிவிடும்.

ரமளான்தான் அவளுக்குப் பெருஞ்சோதனை. தண்ணீரும் உப்பும் குறைந்தால் நிற்கும்போது நெஞ்சு படபடப்பு மிகுந்து விழுந்துவிடுவாள். நோயாளி நோன்பை விட்டுவிடலாம், பிறகு நோற்கலாம், நோற்கவே இயலாதவர் பித்யா கொடுக்கலாம் என்பதெல்லாம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்தவை. திருமறையே கொடுத்த சலுகை அது. ஆனால் அச்சலுகையை வாங்க, கண்ணுக்குத் தெரியும் நோய் வேண்டும் என்று நாம் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறோம். காலில் கட்டுப் போட்டவரிடம் “நோன்பா?” என்று எவரும் கேட்பதில்லை. 2022, 2023 இரண்டு ஆண்டும் அவள் பகலில் மருந்து விழுங்கியது குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு. அல்லாஹ் அனுமதித்ததை அடியார்களுக்கு அஞ்சி மறைக்க வேண்டியிருந்தது.

தொழுகையும் அப்படித்தான். மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். மூல நோய் வெளியில் தெரிகிற நோயா? நிரூபித்துக் காட்டு என்று அவரிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

“அய்யூப் நபியைப் போல் பொறுமையாக இரு” என்று அவளிடம் சொல்லாதவர் இல்லை. சொன்னவர்களில் பலர் அவளுடைய வலியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டதையும் அதே திருமறைதான் சொல்கிறது. பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதென்று நாம் எங்கே படித்தோம்?

மதுரையில் பத்தாவது மருத்துவர்

2023 இறுதியில் மதுரையில் ஒரு மருத்துவரிடம் போனோம். வயதானவர். ஃபைலைத் திறக்கவில்லை, ஓரமாக வைத்துவிட்டு, “நேற்று என்ன வேலை செய்தாய்? முந்தாநாள் என்ன செய்தாய்?” என்று கேட்டார். நாற்பது நிமிடம் கேட்டார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடியை எண்ணினார். பிறகு சொன்னார்: “நீ சொல்வது உண்மை. கொரோனாவுக்குப் பின் இப்படி ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை ஒரேயடியாகக் குணமாக்கும் மருந்து என்னிடம் இல்லை.” மருந்தில்லை என்று சொன்ன மருத்துவரிடமிருந்து அன்றுதான் அவள் அழாமல் திரும்பினாள்.

அவர் சொன்னவை எளியவை. இயன்றதில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். களைத்த பிறகு ஓய்வெடுப்பது பயனில்லை. களைப்பதற்கு முன்பே படுக்க வேண்டும். நன்றாக இருக்கிற நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் அள்ளிப்போட்டுச் செய்யக் கூடாது. அந்த நாள்தான் ஆபத்தான நாள். உட்கார்ந்தே சமைக்கலாம், உட்கார்ந்தே குளிக்கலாம். படபடப்புக்கும் உறக்கத்துக்கும் மட்டும் மருந்து எழுதினார்.

இதைப் படிக்கும் சகோதரிகள் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். எல்லாக் களைப்பும் இந்நோயன்று. நம் பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டும் சர்க்கரையும் மிகுதி. காசநோயும் இப்படித்தான் தொடங்கும். அவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்காமல் ‘இது அதுதான்’ என்று தாமே முடிவுசெய்துவிடலாகாது. மனச்சோர்வும் மருத்துவம் பார்க்க வேண்டிய நோய்தான். அதைச் சொல்வதில் இழிவில்லை. ஆனால் உடம்பு வலிக்கிறது என்பவளிடம் மனத்தில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்புவது, கால் முறிந்தவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது போன்றது.

தங்கை குணமாகிவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. விழும் நாட்கள் குறைந்திருக்கின்றன. மச்சான் ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்து ஒரு மாதம் உடனிருந்து பார்த்தார். அதன் பிறகு தொலைபேசியில் அவர் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. நாத்தனாரை அழைத்துவர நானே போனேன். வாசலில் நின்று பேசி அனுப்பிவிட்டாள். இரண்டாம் முறை உள்ளே அழைத்தாள். இன்னும் வரவில்லை.

2024 ரமளானில் ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் முன்பு, தூரத்து உறவில் ஒரு பெரியம்மா வந்தார். அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்தபடி, தங்கை சமோசாவுக்கு மாவைத் திரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குவளை, திறந்தே இருந்தது. பெரியம்மாவின் கண் குவளையில் போய் நின்றது.

“என்ன, உட்கார்ந்துகொண்டு? நோன்பும் இல்லையா? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் மாமி நோன்புக் கஞ்சியைக் கிளறுவதை நிறுத்தாமல் சொன்னார்:

“பார்த்தால் தெரியாது. அவளுக்கு உடம்புக்கு ஆகாது. நீங்கள் உள்ளே போய் உட்காருங்கள். அவள் எழ வேண்டாம், நான் வருகிறேன்.”

அந்த முக்காலி எங்கிருந்து வந்தது என்று பிறகு தங்கையிடம் கேட்டேன். முந்திய வாரம் மாமியே கடைத்தெருவுக்குப் போய், உயரம் சரியாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து வாங்கிவந்தாராம்.